கேமரா தெருவுக்கு வந்த வழி: ரெகே, டான்ஸ்ஹால், கரீபிய இசை வீடியோக்கள்

ஆண்டுக் கடைசியில் பிடித்த இசை வீடியோக்களை வரிசைப்படுத்துவது ரசிகர்களின் வழக்கம். ஜமைக்காவின் ரெகே, அதிலிருந்து கிளைத்த டான்ஸ்ஹால், டிரினிடாடின் கார்னிவல் இசையான சோக்கா கேட்பவர்களும் டிசம்பர் வந்தால் அதைச் செய்கிறார்கள். யூடியூப் எண்ணிக்கையைப் பார்த்து வரிசை போட்டுவிடுவது எளிது. ஆனால் ஏறத்தாழ 28 லட்சம் பேர் வாழும் ஜமைக்காவை அந்தக் கணக்கில் வைத்தால், அதன் தாளத்தையும் நடனத்தையும் எடுத்துப் பாடிய பெரிய நாட்டுப் பாடகர்கள்தான் எப்போதும் மேலே இருப்பார்கள். அதனால் ஓராண்டுப் பட்டியலை விட்டுவிட்டு ஐம்பது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்கிறேன். கேமரா எங்கே நின்றது? அதைப் பிடித்தவர் யார்? அதன் முன்னால் ஆடியவர்களுக்கு என்ன கிடைத்தது? இப்படிக் கேட்டுக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. இன்று கரீபியத் தீவுகளிலிருந்து வரும் நல்ல வீடியோக்கள் எம்டிவியைவிடக் கிங்ஸ்டன் தெரு நடன இரவுகளில் ஓடிய மலிவான வீடியோ கேமராவுக்கே அதிகம் கடன்பட்டிருக்கின்றன.

தொடக்கத்தில் கேமரா லண்டனில் இருந்தது. பாப் மார்லியின் ‘இஸ் திஸ் லவ்’ (1978) வடக்கு லண்டன் இஸ்லிங்டனிலுள்ள கெஸ்கிடீ மையத்தில் எடுக்கப்பட்டது. 1971இல் பிரிட்டனின் கறுப்பின மக்களுக்காக உருவான கலை மையம் அது. பாட்டு காதல் பாட்டு. படத்திலோ குழந்தைகளின் விருந்து. மார்லி குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிறார். அந்தக் கூட்டத்தில், பின்னாளில் புகழ்பெற்ற மாடலான நவோமி கேம்ப்பெல்லும் ஏழு வயதுச் சிறுமியாக இருக்கிறார். உலக நட்சத்திரமாக எழுந்துகொண்டிருந்த ஒருவரை இவ்வளவு எளிமையாகக் காட்டிய வீடியோக்கள் அக்காலத்தில் குறைவு. 1981இல் மார்லி இறந்தார். 1984இல் ‘லெஜெண்ட்’ தொகுப்பு வந்தபோது ‘ஒன் லவ்’ பாட்டுக்கு வீடியோ தேவைப்பட்டது. இயக்குநர் டான் லெட்ஸ் லண்டன் தெருக்காட்சிகளையும் மார்லியின் பழைய படத்துணுக்குகளையும் சேர்த்து அதைச் செய்தார். பால் மெக்கார்ட்னி ஒரு கணம் தலைகாட்டிப் போகிறார். உலகம் இன்று வைத்திருக்கும் மார்லி பிம்பத்தில், யாரோடும் பகையில்லாத அந்தச் சிரித்த முகத்தில், இந்த வீடியோவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1976 டிசம்பரில் கிங்ஸ்டன் வீட்டில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தப்பிய அரசியல் மனிதர் அந்தப் பிம்பத்துக்குள் இல்லை.

ஜமைக்காப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த டான் லெட்ஸ் அதற்கு முன்பே முக்கியமான ஒரு காரியம் செய்திருந்தார். 1982இல் மியூசிக்கல் யூத் குழுவின் ‘பாஸ் தி டச்சி’ வீடியோவை எடுத்தவர் அவர்தான். பர்மிங்ஹாம் பள்ளிப் பையன்கள் ஐந்து பேரைத் தேம்ஸ் கரையில் நிறுத்தி, பின்னால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தெரியும்படி கேமராவை வைத்தார். முந்தைய ஆண்டுதான் பிரிக்ஸ்டன், டாக்ஸ்டெத், ஹாண்ட்ஸ்வொர்த் பகுதிகளில் காவல்துறைக்கு எதிராகக் கலவரங்கள் வெடித்திருந்தன. கறுப்பினச் சிறுவர்கள் என்றாலே செய்தித்தாள்கள் குற்றவாளிகளாகப் பார்த்த நாட்கள். அந்த நேரத்தில் அதே வயதுச் சிறுவர்கள் நாட்டின் அதிகாரக் கட்டடத்துக்கு எதிரே டிரம்ஸ் வாசித்துப் பாடுகிறார்கள். இதை நான் ரெகே வீடியோக்களின் முதல் வரிசையில் வைப்பேன். 1981 ஆகஸ்டில் தொடங்கிய எம்டிவி அப்போது கறுப்பினக் கலைஞர்களைக் காட்டவே தயங்கியது. 1983இல் பாடகர் டேவிட் போவி அந்தத் தொலைக்காட்சியின் நேர்காணலிலேயே இதைக் கேட்டார். அப்படிப்பட்ட அலைவரிசையில் முதலில் நுழைந்த சில கறுப்பின முகங்களில் இந்தப் பையன்களின் முகங்களும் உண்டு.

இதே காலத்தில் ஜமைக்காவுக்குள் நடந்தது வேறு. பெர்ரி ஹென்செல் இயக்கி ஜிம்மி கிளிஃப் நடித்த ‘தி ஹார்டர் தே கம்’ (1972) கிங்ஸ்டனின் சந்து பொந்துகளைத் திரையில் காட்டிவிட்டது. ஆனால் பாடலுக்குத் தனி வீடியோ எடுக்கும் பணம் உள்ளூர்த் தயாரிப்பாளர்களிடம் இல்லை. நூற்றுக்கணக்கான பாடல்கள் பதிவாயின. அவற்றில் மிகச் சிலவற்றுக்கே படம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் தெருக் கேமரா நுழைந்தது.

ஜமைக்காவின் தெரு நடனம் எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் இது விளங்கும். ஆளுயரத்துக்கும் மேல் ஒலிபெருக்கிப் பெட்டிகளை அடுக்கிய சவுண்ட் சிஸ்டம் ஒன்று இரவில் தெருவை மறித்து நிற்கும். நள்ளிரவுக்குப் பிறகுதான் கூட்டம் சேரும். 1990களிலிருந்து இந்தக் கூட்டத்துக்குள் தோளில் வீடியோ கேமராவும் அதன் மேல் கண்ணைப் பறிக்கும் விளக்கும் வைத்த ஆட்கள் வந்தார்கள். அந்த விளக்குக்கு ‘வீடியோ லைட்’ என்றே பெயர். வெளிச்சம் ஒருவர் மேல் விழுந்ததும் அவரைச் சுற்றி வட்டம் உருவாகும். அவர் ஆடிக் காட்டுவார். கேமரா நகர்ந்ததும் வட்டம் கலைந்து இன்னோரிடத்தில் கூடும். பெண்கள் அந்த வெளிச்சத்தில் மின்னும் துணியைத் தேர்ந்தெடுத்து உடுத்தினார்கள். படத்தை அங்கேயே திரைகட்டி ஓட்டிய இரவுகளும் உண்டு. பிறகு நாடாக்களும் டிவிடிகளும் நியூயார்க், டொரண்டோ, லண்டன் என்று புலம்பெயர்ந்த ஜமைக்கர்களின் வீடுகளுக்குப் போயின. கிங்ஸ்டனில் இந்த வாரம் எந்த நடன அடி புதிது என்பதை அவர்கள் இப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்.

கலை வரலாற்றாசிரியர் கிறிஸ்டா தாம்சன் 2015இல் வெளியிட்ட ‘ஷைன்’ என்ற நூலில் இந்த வெளிச்சத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அரசும் செய்தித்தாளும் கண்டுகொள்ளாத ஏழைக் குடியிருப்பு மக்கள், தாங்கள் பார்க்கப்படுகிறோம் என்பதை இந்த வெளிச்சத்தின் வழியே நிலைநாட்டினார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். அதே நூல் இதன் இருண்ட பக்கத்தையும் மறைக்கவில்லை. கேமராவில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று சிலர் தோலை வெளுக்கும் களிம்பு பூசிக்கொண்டார்கள். தன்னைக் காட்டிக்கொள்ளும் உரிமைக்காகவே தன் நிறத்தை அழிக்க வேண்டியிருந்தது என்பது டான்ஸ்ஹாலின் ஆறாத புண். 2018இல் பாடகி ஸ்பைஸ் வெளுத்த தோற்றத்தில் தன் படத்தை வெளியிட்டுப் பெரும் அதிர்ச்சியை உண்டாக்கிவிட்டு, கறுப்பு நிறத்தை இழிவுபடுத்தும் தன் சமூகத்தையே கேள்வி கேட்கும் ‘பிளாக் ஹிப்போக்ரிசி’ பாட்டை வெளியிட்டார். அந்த வெளுப்பு ஒப்பனைதான் என்பது பின்னர் தெரிந்தது. விவாதத்தை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த துணிச்சலான செயல் அது.

தெருக் கேமராவின் பொற்காலம் ‘பாசா பாசா’. 2003இல் மேற்குக் கிங்ஸ்டனின் டிவோலி கார்டன்ஸில் புதன்கிழமை இரவுகளில் தொடங்கிய நடனம் அது, விடியும்வரை நடக்கும். நகரின் பணக்காரப் பகுதியினர் கால்வைக்க அஞ்சிய அந்தக் குடியிருப்புக்கு எல்லாத் தரப்பினரும் வந்தார்கள், வெளிநாட்டுப் பயணிகளும் வந்தார்கள். பாசா பாசா டிவிடிகள் தீவு தீவாகப் பரவின. 2010 மே மாதம் போதைப்பொருள் கும்பல் தலைவர் கிறிஸ்டோபர் கோக்கைப் பிடிக்கப் பாதுகாப்புப் படைகள் டிவோலிக்குள் நுழைந்தபோது எழுபது பேரளவில் பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அதோடு அந்தத் தெருவின் புதன் இரவுகளும் முடிந்தன. அந்தக் குடியிருப்பு மக்கள் சிரித்து ஆடிய முகங்களுக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்த டிவிடிகள்.

இந்தக் கேமராக்கள் படம்பிடித்த நடனக்காரர்களில் தலையாயவர் ஜெரல்ட் லெவி. ஊர் அறிந்த பெயர் போகிள். 1990களின் தொடக்கத்தில் அவர் கண்டுபிடித்த அடிக்கு அவர் பெயரே நிலைத்து, பாடகர் பூஜு பாண்டன் அதைப் பாட்டாக்கினார். பல நடன அடிகளை உருவாக்கிய போகிள் 2005 ஜனவரி 20 அன்று கிங்ஸ்டனில் சுட்டுக் கொல்லப்பட்டார். டான்ஸ்ஹாலில் நடனக்காரர் பாடகருக்குப் பின்னால் நிற்கும் ஆள் இல்லை. அடி முதலில் தெருவில் பிறக்கும், பாட்டு அதன் பிறகு வரும். எலிஃபன்ட் மேனின் ‘பான் டி ரிவர், பான் டி பேங்க்’ (2003) வீடியோவைப் பார்த்தால் இது புரியும். பாட்டு அடுத்த அடியைச் சொல்லிக் கூப்பிடுகிறது, கூட்டம் ஆடிக் காட்டுகிறது. கதை, காதல், செட் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. என் ரசனையில் அதுதான் டான்ஸ்ஹால் வீடியோவின் தூய வடிவம்.

பெரிய இசை நிறுவனங்களின் பணம் இந்த இசைக்கு வந்தபோது கேமரா டொரண்டோவுக்குப் போனது. டிரினிடாட் வேர் கொண்ட டைரக்டர் எக்ஸ் அங்கிருந்து ஜமைக்கப் பாடகர் ஷான் பாலின் ‘கிம்மி த லைட்’, ‘கெட் பிஸி’ வீடியோக்களை இயக்கினார். 2003இல் அமெரிக்காவின் ஹாட் 100 பட்டியலில் முதலிடம் பிடித்த ‘கெட் பிஸி’யை இன்றும் சலிக்காமல் பார்க்கலாம். புறநகர் வீடொன்றின் மேல்தளத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். கீழே நிலவறையில் இளைஞர்கள் நெருக்கியடித்து ஆடுகிறார்கள். பாட்டின் கைத்தட்டல் தாளத்துக்கு வீட்டைச் சூடாக்கும் கொதிகலனையே தட்டுகிறார்கள். வீட்டுக்காரர் வந்து கத்துகிறார். குளிர்நாட்டுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே ஆடினார்கள் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்ன வீடியோ வேறில்லை. கிங்ஸ்டனில் எடுக்காவிட்டாலும் இதைப் போலி என்று ஒதுக்க முடியாது. டொரண்டோ நிலவறையும் இந்த இசையின் சொந்த ஊர்தான். 2016இல் ரிஹானாவின் ‘வொர்க்’ பாட்டுக்கு இதே இயக்குநர் அதே நகரின் ‘ரியல் ஜெர்க்’ என்ற கரீபிய உணவகத்தில் படம் பிடித்தார். அதுவும் அந்த வரிசையில் வருவது.

‘கெட் பிஸி’யின் பின்னணித் தாளத்துக்குத் ‘தீவாளி ரிட்டிம்’ என்று பெயர். ஒரே பின்னணி இசைமேல் பல பாடகர்கள் தனித்தனிப் பாடல் பாடுவது ஜமைக்கா மரபு. அந்தப் பின்னணியை ரிட்டிம் என்பார்கள். ஸ்டீவன் ‘லென்கி’ மார்ஸ்டன் உருவாக்கிய இந்த ரிட்டிம் மேல் வெய்ன் வொண்டர், லுமிடீ ஆகியோரின் வெற்றிப் பாடல்களும் பிறந்தன. இந்தியப் பண்டிகையின் பெயர் ஜமைக்கா தாளத்துக்கு வந்தது தற்செயலாக இருக்கலாம். தொடர்பு தற்செயலானதல்ல. 1845இல் ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் இந்தியக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. டான்ஸ்ஹால் முன்னோடிப் பாடகர் சூப்பர் கேட்டின் குடும்பத்திலும் இந்திய வேர் உண்டு.

டிரினிடாடில் அந்த வேர் இன்னும் ஆழம். 1970களில் பாடகர் ராஸ் ஷார்ட்டி ஐ, அந்த ஊரின் பழைய பாட்டு வடிவமான கலிப்சோவோடு தோலக், தண்டால் போன்ற இந்திய வாத்தியங்களைச் சேர்த்துச் சோக்கா இசைக்கு வழிபோட்டார். 1980களின் இறுதியில் பாடகி துருபதி ராம்கூனாய் ‘ரோல் அப் தி தாஸா’ பாடினார். இந்தியக் குடும்பத்துப் பெண் மேடையேறிச் சோக்கா பாடுவதா என்று அவர் சமூகத்துக்குள்ளேயே எதிர்ப்பு கிளம்பியது, அவர் நிறுத்தவில்லை. தாஸா கழுத்தில் தொங்கும் மண்மேளம். தோல் தளர்ந்தால் தீயில் காய்ச்சி இறுக்குவார்கள். பக்கத்து கயானாவில், மதராஸ் துறைமுகத்திலிருந்து போனவர்களின் வழிவந்தோர் காளி கோயில்களில் இன்றும் தப்பு அடிக்கிறார்கள். அதையும் தீயில்தான் காய்ச்சுகிறார்கள். பறையைக் காய்ச்சிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி அந்நியமாக இருக்காது. தமிழர்கள் பெருமளவில் போய்ச் சேர்ந்த மார்த்தினிக், குவாதலூப் தீவுகளிலும் கோயில் மேளம் வாழ்கிறது. ஆனால் இந்த மேளங்கள் இசை வீடியோக்களில் இன்னும் ஓரத்தில்தான் நிற்கின்றன. இந்த இசையின் படங்களில் எனக்குள்ள பெரிய ஏக்கம் இதுதான்.

சோக்கா வீடியோ பொதுவாகவே பின்தங்கியிருப்பதற்குக் காரணம் நாட்காட்டி. டிரினிடாட் கார்னிவல் சாம்பல் புதனுக்கு முந்தைய இரு நாட்களில் முடிகிறது. பாட்டு வந்து, பரவி, தெருவில் வெல்ல இரண்டு மூன்று மாதம்தான் அவகாசம். இவ்வளவு அவசரத்தில் பெரும்பாலானவர்கள் கடற்கரை, படகு, இறகு உடை என்று முடித்துக்கொள்கிறார்கள். டிரினிடாடில் பிறந்த நிக்கி மினாஜ் 2012இல் ‘பவுண்ட் தி அலாரம்’ பாட்டுக்காக போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கே வந்து கார்னிவல் உடையில் தெருவில் ஆடினார். பகட்டு மிகுந்த படம்தான், ஆனால் ஊர்க்காரர்கள் அதில் பின்னணி ஆட்களாக இல்லை.

கிங்ஸ்டனில் நடந்த திருப்பம் 2005இல். பாப் மார்லியின் மகன் டேமியன் மார்லியின் ‘வெல்கம் டு ஜாம்ராக்’ வீடியோவை ஜமைக்க இயக்குநர் ராஸ் காஸா எடுத்தார். விடுதிக் கடற்கரைக்கு வெளியே போகாத சுற்றுலாப் பயணிகள் காணாத வறுமை, துப்பாக்கி, கட்சி அரசியல் பற்றிய பாட்டு அது. கேமரா கிங்ஸ்டன் தெருக்களில் அந்த மக்களோடு நிற்கிறது. அவர்கள் கேமராவை நேராகப் பார்க்கிறார்கள். மேலிருந்து இரக்கப்படும் பார்வை எங்கேயும் இல்லை. தெரு நடனக் கேமரா பத்து ஆண்டுகளாகச் செய்துவந்ததைத் தேர்ந்த திரைமொழியில் செய்துகாட்டிய வீடியோ இது. என்னைக் கேட்டால் கரீபிய வீடியோக்களில் முதலிடம் இதற்குத்தான். அதன் பிறகு யூடியூபும், சினிமாத் தரத்தில் படம்பிடிக்கும் விலை குறைந்த கேமராக்களும் வந்தன; உள்ளூர் இயக்குநர்கள் பெருகினார்கள். ஜமைக்காவின் ஸ்பானிஷ் டவுன் ஊர்ப் பாடகி காஃபி ‘டோஸ்ட்’ (2018) வீடியோவில் பல்லில் கம்பியும் தொளதொள உடையுமாக நண்பர்களோடு ஆடினார். 2020இல் சிறந்த ரெகே தொகுப்புக்கான கிராமி விருதை வென்றபோது அவருக்கு வயது 19. உடலைக் காட்டினால்தான் பெண் வெல்ல முடியும் என்ற பேச்சை அந்த வீடியோ பொய்யாக்கியது.

அதற்காக உடலைக் காட்டும் டான்ஸ்ஹால் பெண்களைக் கீழாகப் பேச நான் தயாரில்லை. மேற்கிந்தியப் பல்கலைக்கழகத்தின் முன்னாள் பேராசிரியர் கரோலின் கூப்பர் முப்பது ஆண்டுகளாக வாதிடுவதுபோல, அந்த ஆட்டத்தில் பெண் தன் உடலுக்குத் தானே சொந்தக்காரி என்று அறிவிக்கிறாள். ஆனால் பெண்ணை வெறும் பொருளாக்கும் வீடியோக்களும் ஏராளம். கேமரா முகத்துக்கு வருகிறதா என்று பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். ஜமைக்காவின் ஒலிபரப்பு ஆணையம் 2009இல் அப்பட்டமான பாலுறவுப் பாடல்களுக்கும், 2022 அக்டோபரில் துப்பாக்கி, போதைப்பொருள், பண மோசடியைப் போற்றும் பாடல்களுக்கும் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் தடை விதித்தது. கைபேசியில் பார்க்கும் தலைமுறையிடம் இந்தத் தடை எடுபடவில்லை. டான்ஸ்ஹால் பாடகர் வைப்ஸ் கார்டெல் 2011இல் கைதாகி, கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்த ஆண்டுகளிலும் அவர் பாடல்கள் வெளிவந்துகொண்டே இருந்தன. பாடகரைப் புதிதாகப் படம்பிடிக்க முடியாமலே வீடியோக்களும் வந்தன. 2024இல் தீர்ப்பு ரத்தாகி, ஜூலை 31 அன்று அவர் வெளியே வந்தார். டிசம்பர் 31 இரவு கிங்ஸ்டன் தேசிய அரங்கில் பாடினார்.

ஸ்பானிய மொழித் தீவுகளைத் தொடாமல் இந்தப் பார்வை முழுமையாகாது. ஸ்பானிய மொழியில் பாடும் ரெகேட்டன் இசையின் அடித்தாளமே டான்ஸ்ஹால் பாடகர் ஷாபா ராங்க்ஸின் ‘டெம் போ’ பாட்டு வழியாக ஜமைக்காவிலிருந்து போனது. 2017இல் உலகமே பார்த்த ‘டெஸ்பாசிட்டோ’ பாட்டின் வீடியோ புவர்ட்டோ ரிக்கோவின் லா பெர்லா குடியிருப்பில் எடுக்கப்பட்டது. ஆகஸ்டில் அது யூடியூபில் அதிகம் பார்க்கப்பட்ட வீடியோ ஆனது. செப்டம்பரில் மரியா புயல் அந்தத் தீவைச் சிதைத்தது. அழகான பின்னணியாக ஓர் ஊரை உலகம் அறிந்துகொள்வதால் அந்த ஊருக்குப் பெரிய பாதுகாப்பு எதுவும் கிடைத்துவிடுவதில்லை. ஐந்தாண்டு கழித்து அதே தீவின் பாடகர் பேட் பன்னி ‘எல் அபகோன்’ வீடியோவில் வேறு வழி காட்டினார். பாட்டு முடிந்ததும் படம் நிற்கவில்லை. பத்திரிகையாளர் பியாங்கா கிராவ்லாவின் ஆவணப்படமாக நீள்கிறது. மின்வெட்டு, வரிச்சலுகைக்காக வரும் பணக்காரர்கள், வீட்டைவிட்டு வெளியேற்றப்படும் உள்ளூர்க்காரர்கள் என்று மொத்தம் ஏறத்தாழ 23 நிமிடம். இசை வீடியோ இதழியலாகவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நானறிந்து இல்லை.

கடைசியாக ஒரு பாக்கி. 2015இல் ஜஸ்டின் பீபரின் ‘சாரி’ வீடியோவில் நியூசிலாந்துப் பெண்கள் ஆடிய ஆட்டம் டான்ஸ்ஹால், கோடிக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். நடனம் அமைத்த பாரிஸ் கோபெல் திறமைசாலி, பாராட்டு அவருக்கு உரியது. ஆனால் அந்த அசைவுகள் உருவான கிங்ஸ்டன் தெருக்களுக்குப் பணமாகவோ பெயராகவோ எதுவும் போகவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் முழு நடன அமைப்பைக் காக்கும்; தனி அடிகளைக் காக்காது. ஒரு டான்ஸ்ஹால் நடனக்காரரின் வாழ்நாள் உழைப்பு முழுவதும் அந்தத் தனி அடிகளில்தான் இருக்கிறது. சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. வீடியோவின் கீழே இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஆடை வடிவமைப்பாளர் பெயர்களைப் போடுகிறவர்கள், அதில் ஆடப்படும் அடியை உருவாக்கியவரின் பெயரையும் போட வேண்டும். ஆண்டுக் கடைசியில் பட்டியல் போடும் ரசிகர்களும் பாடகர் பெயருக்குப் பக்கத்தில் அந்தப் பெயரைத் தேடி எழுதுங்கள்.